கால் தூக்கினால் பாட்டு முடியும்

இங்கே பாட்டு முடியப்போவதைக் காலைத் தூக்கித்தான் சொல்கிறார்கள். ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். வர்ஜீனியா மலையோரத்தில் ஒரு முடிவெட்டும் கடை. சனிக்கிழமைதோறும் கிட்டாரும் பிடிலுமாக அங்கே வட்டம் போட்டு உட்கார்வார்கள். இசைக்குறிப்பு பார்த்துப் படித்தவர் ஒருவரும் இல்லை. கேட்டுக் கேட்டுக் கைக்கு வந்ததுதான். ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வரும். ஆரம்பித்தவர் காலைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. இது எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாள், லாரி டிரைவர் எர்ல் தன் பூட்ஸை என் முகத்துக்கு நேரே தூக்கியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கிட்டாரை உறைக்குள் போட்டு எழுந்துவிட்டேன். பாவி மனுஷன், ரொம்ப வேகமாகப் போய்விட்டோமா என்று கேட்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஷெட் எங்களுடையது. களிமண் மூட்டையில் கால் பட்டால்கூட அப்பா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த வீட்டுப் பிள்ளையிடம் காலைக் காட்டினால் கோபம் வராதா? ஆனால் பழகிப்போயிற்று. கொஞ்ச நாளில் நானும் தூக்கினேன்.

ஷெட்டை எடுத்து நடத்தமாட்டேன் என்று நான் விமானம் ஏறியதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. போன விடுப்பிலும், எதிரே நான் உட்கார்ந்திருக்க, "அவன சாப்புட வரச் சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொன்னார். இந்தத் தடவை விடுப்பில் ஊருக்குப் போனபோதும் அப்படியேதான் நாள்கள் ஓடின.

திரும்பக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கொண்டுபோயிருந்த கிட்டாரை எடுத்துக் கூடத்தில் உட்கார்ந்து முடிவெட்டும் கடை மெட்டு ஒன்றை வாசித்தேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு எதிர் நாற்காலிக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தன. தப்பு விழக்கூடாதே என்று தந்தியையே பார்த்து வாசித்தேன். மெட்டு முடியும் இடம் வந்தது. என் வலது கால் தானாக எழுந்து அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றது.

தாளம் நின்றது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "டேய், காலு" என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால கீழ வச்சிட்டு வாசி" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் செருகிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பிடித்தேன். அவர் விரல்களும் சேர்ந்துகொண்டன. கடைசிச் சுற்று வந்தது, போனது, இன்னொன்றும் வந்தது. காலைத் தூக்காமல் அதை எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.