தவமலர் சொன்ன சாட்சி

பக்கவாதம் வந்துபோன பிறகு யோகேஸ்வரியின் வலது கை பெயருக்குத்தான் கையாக இருந்தது. மலேசியாவின் பத்து பாகாட் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் அவள் வேலை போய்விடாதபடி, அவள் பங்குத் துணிக்கட்டுகளையும் தோழி தவமலரே முதலாளிக்குத் தெரியாமல் தூக்கிவந்தாள். வேலை செய்கிறவருக்கு என்ன ஊனம் என்று யோகேஸ்வரியின் ஊனமுற்றோர் உதவித்தொகை மனு தள்ளுபடியானது. மறுபடியும் மனுப் போட்டாள். இம்முறை நேரில் பார்க்க ஓர் அதிகாரி தொழிற்சாலைக்கே வந்தார். முதலாளியும் கூடவே வந்து நின்றார்.

இந்தம்மா கட்டு தூக்குவாரா என்று அதிகாரி தவமலரைக் கேட்டார்.

"ரெண்டு ரெண்டா தூக்குவாங்க சார்."

யோகேஸ்வரி வாய் திறக்கவில்லை. முதலாளி அவளுக்கும்தான் முதலாளி. அதிகாரி திருப்தியோடு கிளம்பினார்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?" யோகேஸ்வரி கிசுகிசுத்தாள்.

"பாஸ் பக்கத்துலயே நிக்கிறாரு. முடியாதுன்னு சொன்னா நாளைக்கே உங்கள அனுப்பிருவாரு லா, அக்கா."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால்தான் யோகேஸ்வரியால் மன்னிக்க முடியவில்லை. தவமலர் வழக்கம்போல அவள் கட்டைத் தூக்கக் குனிந்தாள்.

"விடு. நான்தான் பலசாலியாச்சே."

இடது கையால் கட்டைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தாள். முதலாளி நின்று பார்த்தார். அதிகாரியின் கார் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தது.