விளக்கு வந்த பிறகும் ஒரு குரல்

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி முன்பு புகைப்படத் தாள் விற்றுக்கொண்டிருந்தது. பெரிய உருளைகளாக வரும் தாளை ஸ்டுடியோக்களுக்கு வேண்டிய அளவில் வெட்டி, கறுப்பு உறையில் போட்டு அனுப்புவோம். வெட்டும் அறையில் பொட்டு வெளிச்சமும் கூடாது. யாராவது ஒரு தீக்குச்சி உரசினால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்குப் போகும். ஜன்னல்களுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. அதற்குள் எட்டு பேர், எட்டு மணி நேரம்.

அந்த இருட்டுக்கு ஒரு விதி இருந்தது. நடக்கும்போது வலது கை சுவரில் இருக்க வேண்டும். திரும்பும் இடத்திலும் மெஷினைத் தாண்டும் இடத்திலும் ‘ஆளு வருது’ என்று குரல் கொடுக்க வேண்டும். எதிரே இருப்பவர் அப்படியே நின்று ‘வா’ என்பார். அந்த ‘வா’ காதில் விழாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

என் நண்பர் நான் சேர்ந்த அதே வாரத்தில் சேர்ந்தவர். அண்ணனூர்க்காரர். அவர் வெட்டுவார், வெட்டியதை நான் எண்ணி, வெளியே வந்து கணக்கு எழுதுவேன். அது கம்பெனி நோட்டு. அது போக எனக்கென்று ஒரு டைரி உண்டு. தினமும் ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் ரயிலுக்குப் போவேன். இருபத்தாறு வருடங்களில் விடுபட்ட நாட்கள் மிகக் குறைவு. எழுதி முடிக்கும் வரை அவர் எதிரே உட்கார்ந்து காத்திருப்பார். “என்னிய பத்தி நல்லதா நாலு வரி எழுது மச்சான்” என்பார்.

எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. கம்பெனியும் மூடும் என்று நாங்கள் நினைத்தோம். மூடவில்லை. மெல்லிய தாளை வெட்டத் தெரியும், கெடாமல் உறையிட்டு அனுப்பத் தெரியும், அது புகைப்படமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்று முதலாளி கேட்டார். கார் பாகங்கள் கீறாமலிருக்க ஒட்டும் பிளாஸ்டிக் தாள், பேட்டரிக்குள் வைக்கும் தாள் என்று ஆரம்பித்தோம். திருமழிசை தொழிற்பேட்டையிலிருந்து ஆர்டர் வந்தது. வாசல் போர்டில் இருந்த கேமரா படத்தை அழித்தார்கள். சம்பளம் ஒரு மாதமும் தவறவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

புதுத் தாளுக்கு இருட்டு வேண்டாம், வெளிச்சம்தான் வேண்டும். கீறல், குமிழி, தூசு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டும். ஜன்னல் பெயின்டை பிளேடால் சுரண்டினோம். நானும் நண்பரும் ஒரு ஜன்னல். டியூப்லைட்டுகள் எரிந்தபோதுதான் தரை பச்சை நிறம் என்று தெரிந்தது. சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே, அறை முழுக்க ஒரே நீளமாக, கறுப்பாக ஒரு பட்டை ஓடியது.

“மச்சான், இன்னான்னு தெரியுதா? நம்ம கை அழுக்குடா!” என்று அவர் சிரித்தார்.

முதல் சில வாரம் எல்லாருமே பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தோம். பிறகு ஒவ்வொருவராக விட்டோம். அவர் மட்டும் விடவில்லை. புதிதாகச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அது பெரிய வேடிக்கை.

“அண்ணாத்தே, லைட்டு எரிஞ்சுகினு கீது. தாராளமா வா!”

“உன் மூஞ்சிய பாக்கறதுக்கு இருட்டே தேவலாம்டா” என்பார் அவர். எல்லாரும் சிரிப்போம். நானும்தான்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. பிறகு ஒரு புது வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை வைத்தார்: தாளைச் சோதிக்கும் எல்லாருக்கும் கண் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். கம்பெனி வாசலுக்கு வேன் வந்தது. மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் இறங்கினார்கள். நண்பரை அரை மணி நேரம் உள்ளேயே வைத்திருந்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம். இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை போய்விட்டது, குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். போனது திரும்பாது. முன்பே தெரிந்திருந்தால் சொட்டு மருந்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்றார்கள்.

“சைடுல இருட்டா கீதுன்னு எனக்குத் தோணவே இல்ல மச்சான்” என்றார் என்னிடம். “இருட்டுலயே இருந்தவன்தானே.”

ஓடும் பிளேடுக்குப் பக்கத்தில் இனி அவரை நிற்க விட முடியாது என்றது நிர்வாகம். அதில் தவறில்லை. கண்ணால் பார்க்காத வேலை என்று இப்போது எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த மாதக் கடைசியோடு அவர் நின்றுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனூருக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். “எப்பலேர்ந்துன்னு கேக்கறாரு டாக்டரு. எவ்ளோ வேகமா போவுதுன்னு தெரிஞ்சாதான் மிச்சத்த காப்பாத்த வழி சொல்வாராம். எனக்கு இன்னா தெரியும்? நீதான் எல்லாத்தையும் எழுதி வெக்கிற ஆளு. பாத்து சொல்லு.”

வீட்டுக்கு வந்து டைரிகளை எடுத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. ‘இன்றும் குரல் கொடுத்தார். சிரித்தோம்.’ ‘இடது பக்கம் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டார். கவனக்குறைவு.’ ‘ஸ்டேஷனில் தூணில் தோள் மோதினார். பேச்சு சுவாரசியம்.’ ‘இன்னும் பழக்கத்தை விடவில்லை.’ முப்பத்தேழு இடங்கள். எல்லாம் என் கையெழுத்து, தேதி போட்டு, கோடு தாண்டாமல். மற்றவர்கள் குரல் கொடுப்பதை நிறுத்திய வாரத்தையும் குறித்திருந்தேன். அவர் ஏன் நிறுத்தவில்லை என்று ஒரு வரிகூட இல்லை.

சிலவற்றை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றும் வழி அந்தத் தேதிகளில் இருந்தது. ஒன்றையும் விடாமல் ஒரே தாளில் வரிசையாக எழுதினேன்.

அடுத்த ஞாயிறு அவர் எதிரே உட்கார்ந்து படித்தேன். ‘சிரித்தோம்’ என்பதையும் சேர்த்தே படித்தேன். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். டம்ளரைத் தரையில் வைக்காமல் அவர் கையைப் பிடித்து அதில் கொடுத்தார். படித்து முடிக்கும் வரை அவர் குடிக்கவில்லை.

“எல்லாம் போட்டு வெச்சிகினு கீற” என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நீ பாத்துகினுதான் இருந்திருக்க” என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கைச் சரிபார்ப்பதுபோல்தான் கேட்டார்.

“ஆமா” என்றேன்.

தாளை வாங்கி நான்காக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டருக்குத் தேவைப்படும். நான் கிளம்ப எழுந்ததும் அவரும் எழுந்தார். வீட்டின் குறுகலான நடைவழியில் வலது கையைச் சுவரில் வைத்து வாசலை நோக்கி வந்தார். திரும்பும் இடத்தில் நான் நின்றிருந்தேன். ‘வா’ என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அவர் குரல் கொடுக்கவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன்.