தண்ணீர் இறங்காத தொண்டை

டொக்டர் சஞ்சீவனி கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா மாநகரசபையில் கிளார்க். மகள் இதய நிபுணராக வேண்டும் என்பது அவருடைய ஆசை, மகளுக்கும் அதுதான். ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு முதல் நியமனம் கிடைத்தபோது, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மேற்படிப்புக்குப் போய்விடலாம் என்றுதான் போனார்.

மழை விடாத ஒரு காலையில் பழனியாண்டி வந்தார். கொழுந்து ஏற்றும் லொறியில் வேலை. நாற்பதைத் தொடாத வயது. மனைவி ஞானேஸ்வரியும் கூட வந்திருந்தார்.

"ரெண்டு நாளா ஒண்ணும் எறங்க மாட்டேங்குது டொக்டர். தாகமா இருக்கு, குடிக்கத்தான் முடியல்ல."

சஞ்சீவனி ஒரு கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். அது உதட்டுக்கு வருமுன்பே பழனியாண்டியின் கழுத்து இழுத்துக்கொண்டது, கை உதறிற்று. ஞானேஸ்வரி வெட்கத்தோடு சிரித்து, சிந்தியதை முந்தானையால் துடைத்தார்.

"நாய் ஏதாவது கடிச்சதா?"

"கடியெல்லாம் இல்லீங்க. வீட்டுக் குட்டி, வெளையாட்டுல பல்லு பட்டுச்சு. தீவாளிக்கு முந்தி. மஞ்சள் வச்சோம், ஆறிப்போச்சு. குட்டிதான் பாவம், செத்துப்போச்சு" என்றார் பழனியாண்டி.

விசர்நாய்க்கடி நோய். அறிகுறி தொடங்கிவிட்டால் அதற்கு மருந்தில்லை. பழனியாண்டியோ தெளிவாகப் பேசினார். நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். அவர் பிழைக்கமாட்டார் என்று அந்த அறையில் தெரிந்தவர் சஞ்சீவனி ஒருவர்தான். "கண்டிக்கு அனுப்புறேன், அங்க பார்ப்பாங்க" என்று மட்டும் சொன்னார். பழனியாண்டி தானே நடந்துபோய் அம்புலன்ஸில் ஏறினார்.

பழனியாண்டியின் சாவு வீட்டுக்குச் சஞ்சீவனி தடுப்பூசிப் பெட்டியோடு போக வேண்டியிருந்தது. குட்டியைத் தூக்கியவர் யார், அது யாரை நக்கியது என்று அழுதுகொண்டிருந்தவர்களிடம் கேட்டார். ஞானேஸ்வரி பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னே தள்ளினார். பிறகு தன் கையை நீட்டி, "இதே ஊசிய அவருக்கும் போட்டிருந்தா?" என்றார்.

"இருந்திருப்பாருங்க."

இதயப் படிப்பு அத்தோடு போயிற்று. பொதுச் சுகாதாரம் படித்தார். நாய்களுக்குத் தடுப்பூசி போட வைப்பதும், கடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுமே அவருடைய வாழ்க்கையாயிற்று. "பூனை கீறினது தானே டொக்டர்" என்று சிரித்த அலவத்துகொட ஸெய்னுலாப்தீன் முதலாளியைக் கடையைப் பூட்ட வைத்துத் தன் வாகனத்திலேயே ஏற்றிப் போனார். ஆனால் யாராவது எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்தால், அது இறங்கி முடியும்வரை அவருக்குப் பேச்சு வராது. கணவர் கவனித்திருக்கிறார், கேட்டதில்லை.

போன வருடம் அதே தோட்டத்தில் நாய்களுக்கு ஊசி போடும் முகாம். தலை நரைத்த ஞானேஸ்வரி ஒரு செவலை நாயோடு வந்திருந்தார். ஊசி போடுபவருக்கு வசதியாக அதன் தலையை அணைத்துப் பிடித்தபடியே கேட்டார்.

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்ல டொக்டர்?"

"தெரியும்."

"அவருக்கும் தெரிஞ்சிருச்சு. அம்புலன்ஸ்ல போறப்ப எங்கிட்ட சொன்னாரு. அந்த டொக்டர் புள்ள மொகத்தப் பாத்தேன், பாவம், சொல்ல முடியாம நிக்குது, நீ ஒண்ணும் கேட்டுறாதன்னு."

ஊசி முடிந்தது. நாயை இழுத்துக்கொண்டு ஞானேஸ்வரி லயத்து வீடுகள் பக்கம் இறங்கிப் போனார். அடுத்து வந்தவர் சஞ்சீவனியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.