என் ரத்தத்தில் ஒன்றுமில்லை

ரத்தம் எடுக்கிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது. நடுங்கினாலும் எதிரே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. எங்கள் தொழிலில் அரிச்சுவடியே இதுதான். திங்கள்சந்தையில் ஒரு மாடி லேப்பில் பன்னிரண்டு வருடமாக இதைத் தவறாமல் செய்கிறேன். உடம்பெல்லாம் வலியோடு போய், 'எல்லாம் நார்மல்' என்ற கவரோடு திரும்பி, வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் முழித்தவர்களே, அந்தக் கவருக்குள் இருந்த தாளை டைப் அடித்தவள் நான்தான். எனக்கும் உங்கள் கதிதான்.

என் கையில் ஊசி

வலி முதலில் தோளில் ஆரம்பித்தது. பிறகு கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று ஒவ்வொரு இடமாகக் குடியேறியது. எட்டு மணி நேரம் தூங்கினாலும், விடிய விடிய மூட்டை சுமந்தவளைப் போல எழுந்தேன். வாதமா, தைராய்டா, ரத்தக்குறைவா, பார்த்துவிடலாம். லேப் நம் கையில்தானே இருக்கிறது! கூட வேலை பார்த்த ஜெயா ரப்பர் பட்டையைக் கட்டினாள். என் ரத்தத்தை நானே எடுத்தேன்.

மத்தியானம் ஒவ்வொன்றாக டைப் அடித்தேன். எல்லாம் நார்மல். ஊருக்கெல்லாம் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே கொடுத்தவளுக்கு அன்றைக்கு அழுகை வந்தது. ஜெயா தாளை வாங்கிப் பார்த்தாள். “ஏட்டி, இவ்வளவு நல்ல ரத்தத்த வச்சிட்டு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

எந்த உளி

மயிலாடியிலிருந்து சிலை செதுக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். வலது தோளில் வலி. அவருக்கும் எல்லாம் நார்மல். மனிதர் சந்தோஷமாகக் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். வருடக்கணக்கில் கருங்கல்லோடு மல்லுக்கட்டியவர், என் கையிலிருந்த பஞ்சையும் ஊசியையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “எனக்கு ரெண்டு நாளு உளியக் கீழ வச்சா மாறிரும். நீ எந்த உளியக் கீழ வைக்கணும் பிள்ளே?”

நல்ல நாள்

இந்த நோயில் கெட்ட நாளைவிட நல்ல நாள்தான் ஆபத்து. ஒருநாள் காலையில் வலி குறைந்திருந்தது. விட்டதையெல்லாம் பிடித்துவிடும் ஆவேசத்தில் அத்தனை கண்ணாடிக் குழாய்களையும் கழுவினேன். அலமாரியை நகர்த்திப் பின்னால் பெருக்கினேன். வீட்டுக்குப் போய்ப் போர்வைகளைத் துவைத்தேன். அடுத்த மூன்று நாள் சீப்பைத் தலைவரைக்கும் தூக்க முடியவில்லை. நாலாம் நாள் போனபோது லேப் முதலாளி, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “அலமாரிய ஒத்தைக்கு நீக்கினவளுக்கு மறுநாளு காய்ச்சலும் இல்ல, வயித்தால போக்கும் இல்ல. பின்ன என்ன சீக்கு?”

டாக்டரின் கடிதம்

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் கழுத்து, தோள், முழங்கை, முழங்கால் என்று பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுக்கின இடமெல்லாம் துள்ளினேன். அவர் சொன்ன பெயர் ஃபைப்ரோமயால்ஜியா. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும், தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், நல்ல நாளிலும் அளவோடு வேலை செய்து இடையில் ஓய்வெடுக்க வேண்டும் என்றார். அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூடத் தெரியவில்லை.

மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க விட்டால் வேலையில் இருக்கலாம். இல்லையென்றால் நின்றுவிட வேண்டியதுதான். நிலைமை அதுவரைக்கும் வந்திருந்தது. டாக்டரின் கடிதத்தைச் சாரிடம் கொடுத்தேன். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார். “இதுல ஒரு நம்பர்கூட இல்லியே!”

பதினெட்டும் எண்பத்தொன்றும்

நம்பர்தானே வேண்டும்? இ.எஸ்.ஆர். என்று ஒன்று உண்டு. உடம்புக்குள் வீக்கம் இருந்தால் ஏறும். என்னுடையது பதினெட்டு. அதை எண்பத்தொன்று என்று அடித்தேன். இலக்கம் இரண்டும் என்னுடையதுதான், இடம்தான் மாறியிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அச்சடித்த தாளை மேசை டிராயரில் வைத்தேன்.

அப்போது பார்த்து முட்டத்து ஸ்டெல்லா அக்கா ரிப்போர்ட் வாங்க வந்தாள். மீன் விற்கிறவள். உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல். குனிந்து ரகசியமாகச் சொன்னாள்: “மக்ளே, நம்பரக் கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தா. எனக்க மாப்பிள நான் மடிபிடிச்சுக் கெடக்கேன்னு சொல்லுதாரு.” எங்கள் பக்கம் மாப்பிள என்றால் புருஷன், மடி என்றால் சோம்பல்.

“அது தப்புக்கா. இல்லாத நோய்க்கு மருந்து குடுத்துருவாவ” என்றேன். சொல்லும்போதே டிராயரை முழங்காலால் அழுத்தி மூடினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து போய், டாக்டர் அமுக்கிய அதே இடத்தில் அவள் தோளை அமுக்கினேன். “எம்மோ!” என்று அலறினாள். நோயின் பெயரைச் சொன்னேன், டாக்டரிடம் காட்டச் சொன்னேன், எனக்கும் அதேதான் என்றேன். அவள் நம்பவில்லை. மீன் கூடை தூக்கிய விரலால் என் தோளை ஒரு அமுக்கு அமுக்கினாள். என் அலறலில் சார் அறையிலிருந்து ஓடி வந்தார்.

என்ன சத்தம் என்று கேட்டவரை ஸ்டெல்லா அக்கா நிறுத்தி வைத்துச் சொன்னாள். “மீனு கெட்டுப்போச்சான்னு செவுளத் தூக்கிப் பாத்தா தெரியும் சாரே. மனுசருக்குச் செவுளு கெடையாது, கேட்டுத்தான் தெரியணும்.”

சார் அறைக்குத் திரும்பினார். நான் டிராயரில் இருந்த தாளைக் கிழித்து பழைய ஊசிகளை எறியும் டப்பாவில் போட்டேன். மறுநாள் சாம்பிள் வைக்கும் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில் கிடந்தது.

ரிப்போர்ட்படி எனக்கு இன்றைக்கும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுக்குத்தான் தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் கட்டில் விரிக்கிறேன்.