வெல்டர் அண்ணன் சொன்ன புள்ளிக் கணக்கு

அபுதாபி முசஃபா தொழிலாளர் கேம்பில் எங்கள் அறையில் எல்லோருமே கோவில்பட்டிக்காரர்கள். நிஜ ஹாக்கி வீரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருந்தோம்; அவர்கள் நிஜ ஆட்டத்தில் போடும் கோலுக்கு எங்களுக்குப் புள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் புள்ளிகளை வாட்ஸப்பில் பேசி அனுப்புபவர் ஒரு வெல்டர். தடித்த கழுத்து, கீச்சுக்குரல். கடைசி இடத்துக்காரனைக் கேலி செய்யாமல் முடிக்கமாட்டார்.

ஒரு வாரம் எங்கள் அறை முருகன் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அணியை மாற்றாததால் கடைசிக்குப் போயிருந்தான்.

“முருகனுக்குக் காலும் அவுட்டு, பாயிண்டும் அவுட்டு. கலாஸ், எல்லாம் முடிஞ்சது!” என்று வந்தது வெல்டரின் குரல்.

நேராக அவரிடமே போனேன். “அவன் கேட்டா என்னண்ணே நெனைப்பான்?” என்றேன்.

“கேட்டுட்டுச் சிரிச்சாம்ல!”

மறுநாள் முருகனிடமே கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். “சிரிக்காம என்ன செய்ய? விழுந்தன்னைக்கு என்னைத் தோள்ல போட்டு வண்டிவரைக்கும் ஓடுனது அவருதான.”

அது தெரிந்த பிறகும் அந்தக் குரல் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.