எட்டாவது ஜுஸு

எங்கள் தர்காவில் அடங்கியிருப்பவர் ஓர் ஆலிம், மார்க்கம் கற்றவர். அற்புதங்கள் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க ஓதிக்கொடுத்தார், அவ்வளவுதான். அதனால் அவருடைய ஆண்டு நினைவு நாளான கந்தூரியில் ஊர்வலம் கிடையாது. குர்ஆனின் முப்பது ஜுஸுவும் தனித்தனிப் புத்தகங்களாக ஒரு வாரம் முன்பே முப்பது பேருக்குக் கொடுக்கப்படும். ஆளுக்கொரு பாகத்தை ஓதி முடித்து, கந்தூரியன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் திருப்பித் தர வேண்டும். முப்பதும் சேர்ந்தால்தான் முழுக் குர்ஆனும் ஓதிய கத்தம் பூர்த்தி. பிறகு பிரார்த்தனையாக துஆ, அதன்பின் நெய்ச்சோறு.

இதற்குப் பதிவேடு போட்டவன் நான். தாலுகா அலுவலகத்தில் ஆயுளைக் கழித்தவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? வழங்கிய நாள், பெற்றவர் ஒப்பம், கடைசியில் 'ஓதப்பட்டது' என்று ஒரு பத்தி. அதில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். யார் உண்மையில் ஓதினார் என்று கேட்கப் பதிவேட்டில் இடமில்லை. படிக்காத கோப்புகளில் 'பார்வையிட்டேன்' என்று நானே எவ்வளவு எழுதியிருக்கிறேன்.

சின்னச் சின்ன அத்தியாயங்களான சூராக்கள் உள்ள முப்பதாவது ஜுஸுவை வருடந்தோறும் எனக்கு ஒதுக்கிக்கொள்வேன். இந்த வருடம் அதையும் பிரிக்கவில்லை. ஒலிபெருக்கி அனுமதி, தற்காலிக மின் இணைப்பு என்று அலைந்து சலித்துப்போயிருந்தேன். கந்தூரியன்று காலையிலேயே என் பெயருக்கு நேரே கையெழுத்திட்டுவிட்டேன்.

அஸருக்குப் பின் இருபத்தொன்பது வந்துவிட்டன. எட்டாவது மட்டும் வரவில்லை. அது ஒரு பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டரிடம் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் பள்ளிவாசல் வகுப்பில் அரபு எழுத்துக்கூட்டக் கற்றவர்; இந்த முறைதான் தானாகக் கேட்டு, முதன்முதலாக ஒரு பாகம் வாங்கியிருந்தார். சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது வியர்த்து வழிய வந்தார்.

"ஏழு பக்கம் பாக்கி இருக்குதுங்க. ஷிப்மெண்ட்டுன்னு மூணு நாளா விடலீங்க."

தர்கா நிர்வாகியான முத்தவல்லி சமையல் பக்கம் பார்த்தார். "அதுக்கென்னங்க, பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் குடுங்க, பத்து நிமிசத்துல ஓதிருவாரு. சோறு ஆறுதுங்க."

"நானே முடிச்சர்றனுங்க."

"உங்க வேகம் தெரியாதுங்களா? ஒரு யாசீன் சூரா ஓதறதுக்கே நடுவுல ரெண்டு டீ வேணும் உங்களுக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அயர்ன் மாஸ்டர் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "உங்க நோட்டுல கையெழுத்தப் போட்டுட்டுப் போயிருக்கலாமுங்க சார். மனசு வரலீங்க," என்றார்.

மீதியை யார் வேண்டுமானாலும் ஓதலாம்; முறை அதுதான். அதை நான் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று முத்தவல்லி காத்திருந்தார்.

"என்னுதும் முடியலீங்க," என்றேன்.

"நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்?" என்றார் முத்தவல்லி.

"போட்டிருக்கேன்."

கையெழுத்தை அடித்து, அடித்தலுக்குச் சுருக்கொப்பம் வைத்தேன். இருவரும் அடக்கத்தலத்தின் கால்மாட்டில் உட்கார்ந்தோம். பின்னால் முணுமுணுப்பு, யாரோ அண்டாவை மூடச் சொன்னார்கள். அவர் விரல் வைத்து எழுத்து எழுத்தாக நகர்ந்தார். மனப்பாடம் என்று நான் நம்பியிருந்த சூராக்களில் எனக்கு அடிக்கடி தடுக்கியது. கண்ணும் ஒத்துழைக்கவில்லை.

வெயில் இறங்கியபோது அவர் புத்தகத்தை மூடி முத்தமிட்டார். எனக்கு இன்னும் நான்கு பக்கம் இருந்தது. முத்தவல்லி இருமினார்.

அயர்ன் மாஸ்டர் எழுந்து போகவில்லை. "மெதுவா ஓதுங்க சார்," என்றார்.