இடைப்பட்ட ஏழு படங்கள்

1. முழுக்க நீராலான ஒரு கிரகத்துக்கு மேலே விண்கலம் ஒன்று நிற்கிறது.
2. ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்குகிறான்.
3. மேலே இன்னொருவன் அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கிறான்.
4. கீழே ஏதோ ஒன்று கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறது.
5. மேலே இருப்பவன் பயந்து கையை விடுகிறான்.

இது சனிக்கிழமை காலைகளில் இங்கே டொராண்டோவில் தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் தொடரின் ஒரு பாகம். பாலில் ஊறிய தானியத்தைத் தின்றபடியே பிள்ளைகள், மனிதர்கள் அண்டவெளியில் தொலைந்துபோவதைப் பார்க்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. இப்போது அந்தப் படங்களை வரைவதுதான் என் வேலை. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டியபோது வரைபட அலுவலகத்தில் படங்களைப் படியெடுக்கும் டிரேசராக இருந்தேன். கோடு பிசகாத கை என்று இங்கே எடுத்துக்கொண்டார்கள். ஓர் அசைவின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பெரிய ஓவியர்கள் வரைவார்கள். இடையில் உள்ளவற்றை என்னைப் போன்றவர்கள் நிரப்ப வேண்டும். எனக்கு வந்தது ஐந்தாவது காட்சி. முதல் படத்தில் மூடிய கை, கடைசியில் விரிந்த கை. இடையில் ஏழு படங்கள்.

அந்த வாரம்தான் அம்மாவின் கடிதமும் வந்தது. தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. 'ஒங்க மாமாவக் கூப்பிடணுமா வேண்டாமா, மூத்தவ நீ சொல்லு. என்னால சொல்ல முடியல' என்று எழுதியிருந்தாள்.

அப்பா முத்துக்குளித்தவர். குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். எங்கள் கரையில் அப்படித்தான் வழக்கம். அக்காளை விதவையாக்க எந்தத் தம்பிக்கும் மனம் வராது என்ற கணக்கு. லூர்து மாமா படகு ஏறும்போதெல்லாம் அப்பா சீண்டுவார். "ஏலே மாப்ள, நான் வராமப் போனா ஒங்க அக்காளுக்குக் காலம் பூரா நீதாம்ல சோறு போடணும். அவ வாயும் சும்மா இருக்காது. அத நெனச்சுக் கயித்தப் பிடி."

எங்கள் பக்கம் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் படகு அப்பா இல்லாமல் திரும்பியது. நான் அப்போது சிறுமி. "கயிறு வெட்டி இழுத்திச்சுக்கா. கையில நிக்கல" என்றார் மாமா.

"நிக்கலியா, நீ விட்டியா?" என்று அம்மா கேட்டாள். அவரிடம் அவள் கேட்ட கடைசிக் கேள்வி அது. சுறாவைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டான் என்று ஊர் சொன்னது. உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். நாங்கள் அலையோரத்து மணலில் மெழுகுவத்தியை நட்டுவைப்போம். ஒரு வருடமும் அது முழுதாக எரிந்ததில்லை.

ஏழு படங்களையும் வரைந்து பிரிவுத் தலைவி மார்கரெட்டிடம் கொடுத்தேன். அவள் தாள்களைச் சேர்த்துப் பிடித்து விரலால் விசிறிப் பார்த்தாள்.

"இதில் கயிறு கையை மீறி நழுவுகிறது. கதையில் அவன் வேண்டுமென்றே விடுகிறான்."

"அவன் கீழே இருப்பவனின் மைத்துனனா?" என்று கேட்டேன்.

"இல்லையே, கலத்தின் மெக்கானிக். உனக்குக் கதைச்சுருக்கம் வரவில்லையா?"

எனக்கு வித்தியாசம் தெரிய வேண்டியிருந்தது. பார்சல் கட்டும் நைலான் கயிற்றின் ஒரு முனையை அவளிடம் கொடுத்து இழுக்கச் சொன்னேன். முதல் முறை கையை விரித்துவிட்டேன். கயிறு போனது, கையில் ஒன்றுமில்லை. இரண்டாம் முறை விடாமல் பிடித்தேன். மார்கரெட் சிரித்துக்கொண்டே உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள். கயிறு அப்போதும் போனது. ஆனால் விரல்களின் அடியில் தோல் வழன்று, வலது உள்ளங்கை தீய்ந்ததுபோல் எரிந்தது. அன்று மதியம் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். இங்கே கரண்டியால் சாப்பிடுபவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊரில் பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பூசை வைத்துச் சோறு போட்ட அன்று, பந்தியில் மாமா கரண்டி கேட்டார். அப்பா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. "பாரு, தொரைக்குக் கரண்டி கேக்கு" என்றாள் அம்மா, பக்கத்தில் இருந்தவளிடம், அவர் காதில் விழும்படி. யாரோ சிரித்தார்கள். மாமா சாப்பிடாமல் எழுந்து போனார். அவருடைய வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

கையை விரித்தவனுக்குக் கரண்டி தேவைப்பட்டிருக்காது. அந்தக் கையை அவர் ஏன் யாருக்கும் காட்டவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. இறுகப் பிடித்தும் போய்விட்டது என்பது, விட்டுவிட்டேன் என்பதைவிட அவருக்குப் பெரிய தோல்வியாக இருந்ததோ என்னவோ.

காயம் ஆறியதும் மார்கரெட் கேட்டபடி ஏழு படங்களையும் மாற்றி வரைந்தேன். அவனே கையை விரிக்கிறான். சம்பளத்துக்குச் செய்யும் வேலை. அதே கையால் அம்மாவுக்கும் எழுதினேன்: 'மாமாவைக் கூப்பிடு. கரண்டி கேட்டாரே, அந்த நாளை நினைத்துப் பார். வந்தால் வலது கையைக் காட்டச் சொல்.'

அந்தப் பாகம் போன சனிக்கிழமை ஒளிபரப்பானது. கை விரிவது ஒரு நொடிகூட இல்லை. அம்மாவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமா தருவைகுளத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்கு அழைப்பு போனதா என்று எனக்குத் தெரியாது.